இரும்பைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒனைடா ஏரி பரப்பில் பெரியது, ஆழத்தில் குறைந்தது. அதன் அடி வண்டலில் மாங்கனீசு ஆக்சைடு நிறையக் கிடக்கிறது. கரிய நிறமுள்ள, தண்ணீரில் கரையாத திடப்பொருள் அது. 1980களில் அந்த ஏரியின் மாங்கனீசு வரவு செலவை ஆராய்ந்துகொண்டிருந்த கென்னத் நீல்சனுக்குக் கணக்கு ஓரிடத்தில் இடித்தது. கல்போலக் கிடக்க வேண்டிய மாங்கனீசு ஆக்சைடு, வெறும் வேதிவினையால் நடக்கக்கூடியதைவிட மிக வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. உயிருள்ள ஏதோ ஒன்று அதைக் கரைத்துக்கொண்டிருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும்.

நீல்சனும் சார்லஸ் மையர்ஸும் வண்டலில் தேடி ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மாங்கனீசு ஆக்சைடை மட்டும் கொடுத்தாலும் அது வளர்ந்தது, பெருகியது. 1988இல் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதினார்கள். அந்தப் பாக்டீரியாவுக்குப் பின்னாளில் ஏரியின் பெயரே சேர்ந்து ஷெவனெல்லா ஒனைடென்சிஸ் என்றாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் டெரக் லவ்லி போட்டோமாக் ஆற்றின் சேற்றில் இன்னொரு பாக்டீரியாவைக் கண்டார். அது துருவில் இருக்கும் இரும்பை மாற்றிக் காந்தத் தன்மையுள்ள மேக்னடைட்டாக வெளியே குவித்தது. இன்று ஜியோபாக்டர் என்று அழைக்கப்படும் பேரினத்தின் முதல் உறுப்பினர் அதுதான். இந்த இரண்டு பாக்டீரியாக்களும் ஒரு கேள்வியை எழுப்பின. அந்தக் கேள்விக்கான விடை முழுதாகக் கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

கேள்வி புரிய வேண்டுமானால் மூச்சு எதற்காக என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாம் உண்ணும் உணவு செல்லுக்குள் சிதையும்போது அதிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிகின்றன. அவை படிப்படியாக இறங்கிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. அந்த இறக்கத்தில் விடுபடும் ஆற்றலைக் கொண்டுதான் உடல் இயங்குகிறது. ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் எலெக்ட்ரான்கள் போக இடமின்றித் தேங்குகின்றன, ஆற்றல் உற்பத்தி நின்றுவிடுகிறது. மூச்சடைத்தவர் சில நிமிடங்களில் இறப்பதன் காரணம் இதுவே. ஆக, சுவாசம் என்பது சாரத்தில் எலெக்ட்ரான்களைக் கழித்துவிடும் வேலை. அவற்றை வாங்கிக்கொள்ளும் பொருள் ஆக்சிஜனாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நைட்ரேட் இருந்தாலும் சல்பேட் இருந்தாலும் பல பாக்டீரியாக்களுக்குப் போதும்.

ஆனால் ஆக்சிஜனும் நைட்ரேட்டும் சல்பேட்டும் செல்லுக்குள் நுழையக்கூடியவை. துருத் துகள் நுழையாது. அது திடப்பொருள்; பல நேரம் பாக்டீரியாவைவிடப் பெரியது. வாங்குபவர் உள்ளே வர முடியாதபோது கொடுப்பதை வெளியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இடையில் இருக்கும் செல்லின் சவ்வுகளோ கொழுப்பால் ஆனவை, மின்சாரம் கடக்காதவை. ஷெவனெல்லா, ஜியோபாக்டர் போன்றவற்றுக்கு அப்படி இரண்டு சவ்வுகள், நடுவில் ஓர் இடைவெளி. எலெக்ட்ரான் எப்படி வெளியே போகிறது?

ஷெவனெல்லாவின் விடை முதலில் தெளிவானது. அதன் வெளிச்சவ்வில் பீப்பாய் வடிவிலான ஒரு புரதம் துளைபோல் பொருந்தியிருக்கிறது. அந்தத் துளைக்குள் இன்னொரு புரதம் செருகியிருக்கிறது, வெளிமுகத்தில் மூன்றாவது ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் சைட்டோகுரோம் என்ற வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் பத்து ஹீம்கள் உண்டு. ஹீம் என்பது நடுவில் ஓர் இரும்பணுவைத் தாங்கிய தட்டையான மூலக்கூறு. நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவதும் அதுதான். இந்த இருபது ஹீம்களும் சவ்வின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை வரிசையாக நிற்கின்றன. கட்டடத்தில் காங்கிரீட் போடும் நாளில் ஆட்கள் ஏணியிலும் சாரத்திலும் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவார்களே, அதே முறையில் எலெக்ட்ரான் ஓர் இரும்பணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. ஹீம்களுக்கு இடையிலான தூரம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு என்பதால்தான் அந்தத் தாவல் சாத்தியமாகிறது. தூரம் கொஞ்சம் கூடினாலும் தாவும் வாய்ப்பு சரசரவென்று சரிந்துவிடும். 2020இல் இந்தப் புரதக் கூட்டின் முழு வடிவமும் படிகமாக்கி வரையப்பட்டபோது, இந்த ஏற்பாடு ஐயமின்றி உறுதியானது.

ஷெவனெல்லாவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மின்முனையின் மேல் அதை வளர்த்த மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் ஒன்றைக் கவனித்தார்கள். பாக்டீரியாவை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் திரவத்தை மட்டும் மாற்றினால் மின்னோட்டம் 70 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பழைய திரவத்தில் இருந்தது ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2. பாக்டீரியா தானே அதைத் தயாரித்து வெளியே விடுகிறது. அது எலெக்ட்ரானைச் சுமந்துபோய்க் கொடுப்பதில் உதவுகிறது. உணவில் வைட்டமின் என்று நாம் தேடும் பொருள் சேற்றுக்குள் இந்த வேலையையும் பார்க்கிறது.

ஜியோபாக்டரின் கதை இத்தனை நேரானதல்ல. அந்தக் கதையில் வந்த திருப்பம்தான் இந்தத் துறையிலேயே மிகுந்த மதிப்புக்குரிய பகுதி.

2005இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் லவ்லியின் குழு 'நேச்சர்' இதழில் ஒரு கண்டுபிடிப்பை அறிவித்தது. ஜியோபாக்டரின் உடலிலிருந்து மயிரிழை போன்ற நீட்சிகள் புறப்படுகின்றன. அந்த இழைகளை நுண்ணிய ஊசியால் தொட்டுப் பார்த்தபோது அவை மின்சாரத்தைக் கடத்தின. பல பாக்டீரியாக்களிடம் பிலை என்ற புரத இழைகள் உண்டு. ஒட்டிக்கொள்ளவும் நகரவும் அவை பயன்படும். பிலையை உருவாக்கும் மரபணுவை நீக்கினால் ஜியோபாக்டர் துருவைச் சுவாசிக்க முடியாமல் தவித்தது. எனவே இழைகள் பிலைதான், பிலைதான் மின்கம்பி என்று முடிவு கட்டப்பட்டது. நுண்ணுயிர் நானோகம்பி என்ற பெயர் உலகமெங்கும் பரவியது. 2011இல் அதே ஆய்வகத்தில் இருந்த நிகில் மல்வாங்கர் என்ற இயற்பியலாளர், அந்த இழைகள் உலோகத்தைப் போன்ற கடத்துத்திறன் காட்டுவதாக எழுதினார். புரதம் என்பது பொதுவாக மின்கடத்தாப் பொருள். அதிலிருந்து கம்பி என்றால் இயற்பியலுக்கே சவால். பலர் வியந்தார்கள், சிலர் கடுமையாக ஐயப்பட்டார்கள்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. மல்வாங்கர் யேல் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் அமைத்திருந்தார். வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு எகல்மன் முதலியோரோடு சேர்ந்து, இழைகளை ஒரு நொடிக்குள் உறையவைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து, அணுக்களின் இடம் தெரியும் அளவுக்கு வடிவத்தைக் கட்டியெழுப்பினார்கள். எதிர்பார்த்தது பிலை. கிடைத்தது வேறு. ஏறத்தாழ 4 நானோமீட்டர் பருமனுள்ள அந்த இழை முழுவதும் ஓஎம்சிஎஸ் என்ற சைட்டோகுரோம் புரதம் ஒன்றன் தலையில் ஒன்றாகக் கோத்து நின்றது. ஒவ்வொரு புரதத்திலும் ஆறு ஹீம்கள். புரதங்களின் சந்திப்பிலும் ஹீம் வரிசை அறுபடவில்லை. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே தொடர். 2019இல் 'செல்' இதழில் இது வெளிவந்தது. ஏறத்தாழ அதே நேரத்தில் இன்னொரு குழுவும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தது.

அப்படியானால் பிலை மரபணுவை நீக்கியபோது பாக்டீரியா ஏன் தவித்தது? 2021இல் மல்வாங்கரின் குழு அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தது. ஜியோபாக்டரின் பிலை பெரும்பாலும் செல்லின் உறைகளுக்கு உள்ளேயே இருந்துகொண்டு, சைட்டோகுரோம்களை வெளியே தள்ளும் உந்துதண்டாக வேலை செய்கிறது. பிலை இல்லையென்றால் கம்பி வெளியே வராது, அவ்வளவுதான். பழைய சோதனையின் முடிவு பொய்யாகவில்லை. அதற்குச் சொன்ன காரணம்தான் மாறியது. லவ்லியும் அவரோடு பணியாற்றியவர்களும் பிலையின் கடத்துத்திறனை இன்னும் வலியுறுத்துகிறார்கள், வாதம் முழுதாக ஓயவில்லை. ஆனாலும் அணு அணுவாகக் காட்டப்பட்ட வடிவத்தின் எடை சைட்டோகுரோம் பக்கமே இருக்கிறது. தான் வளர்த்த கருத்தையே தன் கருவியால் சோதித்து மாற்றிக்கொண்ட ஆய்வாளரைப் பார்க்கும்போது அறிவியலின் மேல் நம்பிக்கை கூடுகிறது. ஷெவனெல்லாவின் கதையிலும் இப்படியொரு திருத்தம் நடந்தது. அதன் 'நானோகம்பிகள்' தனிப் புரத இழைகள் அல்ல, சைட்டோகுரோம்கள் பதிந்த வெளிச்சவ்வே நீண்டு வந்தவை என்று 2014இல் தெரியவந்தது.

இந்தக் கம்பிகளெல்லாம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பத்துப் பங்கு என்ற அளவில் நீள்பவை. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் லார்ஸ் பீட்டர் நீல்சன் கண்டது சென்டிமீட்டர் கணக்கு.

ஆர்ஹூஸ் விரிகுடாவின் சேற்றைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து மேலே கடல்நீர் நிரப்பியிருந்தார்கள். அந்தச் சேறு அழுகிய முட்டை வாடை வீசும். காரணம் அதில் உள்ள சல்ஃபைடு. மேல்நீரில் உள்ள ஆக்சிஜன் சேற்றுக்குள் சில மில்லிமீட்டர்கூட இறங்காது. ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து காணாமல் போயிருந்தது. மேல்நீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கீழே சல்ஃபைடின் எல்லை மாறியது. எந்த மூலக்கூறும் அத்தனை தூரம் சேற்றுக்குள் அத்தனை விரைவாக ஊறிச் செல்ல முடியாது. மின்சாரம் மட்டுமே அந்த வேகத்தில் செய்தி சொல்லும். 2010இல் இதை வெளியிட்டபோது கடத்துவது எது என்று அவர்களுக்கே தெரியாது. 2012இல் விடை வந்தது. ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாக ஒட்டிய, தலைமுடியைவிட மெல்லிய பாக்டீரியா இழைகள். சேற்றின் குறுக்கே மெல்லிய டங்ஸ்டன் கம்பியை இழுத்து இழைகளை அறுத்தால் அந்த விளைவும் அறுந்தது. கேபிள் பாக்டீரியா என்று பெயர் நிலைத்தது. கீழ்முனையில் உள்ள செல்கள் சல்ஃபைடிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கின்றன. மேல்முனையில் உள்ளவை அதை ஆக்சிஜனிடம் கொடுக்கின்றன. ஒரே உயிரின் ஒரு பகுதி உண்கிறது, இன்னொரு பகுதி மூச்சு விடுகிறது.

இத்தனையும் கேட்டவுடன் மனம் போவது மின்சார உற்பத்தியின் பக்கம். அந்த ஆசை புதிதல்ல. 1911இலேயே இங்கிலாந்தின் தாவரவியல் பேராசிரியர் எம். சி. பாட்டர், நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது மின்சாரம் பிறப்பதைக் காட்டிவிட்டார். நூறாண்டுக்குப் பின் நிலைமை என்ன? அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் லெனார்டு டெண்டர் குழு, ஆற்றுச் சேற்றில் மின்முனையைப் புதைத்து, அங்கு வாழும் பாக்டீரியாக்களின் மின்சாரத்தால் வானிலைக் கருவி பொருத்திய ஒரு மிதவையை இயக்கிக் காட்டியது. 2008இல் வெளியான அந்த ஆய்வில் மேம்பட்ட அமைப்பு கொடுத்த திறன் 36 மில்லிவாட். நம் வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி விளக்கு ஒன்றுக்கு அதைப்போல 250 அமைப்புகள் தேவைப்படும். பிரிஸ்டல் நகரில் சிறுநீரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கழிப்பறைக்குள் விளக்கெரித்தார்கள். பாராட்ட வேண்டிய வேலை, தொலைதூர முகாம்களுக்குப் பயன்படும். ஆனால் பாக்டீரியா ஊருக்கு மின்சாரம் தரும் என்று எழுதப்படும் செய்திகள் வாசகரை ஏமாற்றுகின்றன. இந்த உயிர்களின் முக்கியத்துவம் வேறிடத்தில் இருக்கிறது. நாம் குடிக்கும் நீரையும் பயிர் செய்யும் மண்ணையும் அவை மாற்றிக்கொண்டிருக்கின்றன.

வங்காளப் படுகையை எடுத்துக்கொள்ளலாம். ஆற்று நீராலும் குளத்து நீராலும் பரவிய வயிற்றுநோய்களிலிருந்து மக்களைக் காக்க அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். அந்த நீரில் ஆர்சனிக் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வகுத்த வரம்பைப் பல கிணறுகள் பன்மடங்கு தாண்டின. கோடிக்கணக்கானோர் நஞ்சைக் குடித்தார்கள். நிலத்தடியில் ஆர்சனிக் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு துகள்களில் ஒட்டிக்கிடப்பது. அதை யார் கிளப்பிவிட்டது? மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் லாயிடு குழு மேற்கு வங்க வண்டலை ஆக்சிஜனின்றி வைத்து, பாக்டீரியாக்களுக்கு உணவாக அதில் அசிட்டேட் சேர்த்துப் பார்த்தது. உலோகத்தைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் பெருகின. முதலில் இரும்பு மாறியது, அதன் பின் ஆர்சனிக் நீருக்கு வந்தது. 2004இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்த முடிவு, ஒரு பேரிடரின் வேர் எங்கே என்று காட்டியது. மண்ணுக்குள் எலெக்ட்ரான் எந்தப் பொருளிடம் போகிறது என்பது ஒரு குடும்பத்தின் குடிநீர்ப் பிரச்சினை.

அதே சுவாசம் நன்மையும் செய்யும். நீரில் கரையும் யுரேனியத்துக்கு எலெக்ட்ரான் கொடுத்தால் அது கரையாத வடிவத்துக்கு மாறி மண்ணிலேயே படிந்துவிடும். கொலராடோவின் ரைஃபிள் என்ற ஊரில் பழைய யுரேனிய ஆலையால் கெட்டுப்போன நிலத்தடி நீரில் அசிட்டேட்டைச் செலுத்தினார்கள். ஜியோபாக்டர்கள் பெருகின. 50 நாட்களுக்குள் சில கிணறுகளில் யுரேனியம் வரையறுத்த அளவுக்குக் கீழே இறங்கியது. பிறகு அங்கிருந்த இரும்பு தீர்ந்தது, சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்தன, யுரேனியம் மறுபடி ஏறத் தொடங்கியது. உணவையும் சுவாசப் பொருளையும் கணக்காகப் பேணாவிட்டால் இந்த வைத்தியம் நிலைக்காது என்பதை அந்த நிலமே காட்டிவிட்டது.

நெல் வயலுக்கு வருவோம். தண்ணீர் கட்டிய வயலில் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரின் மேல் செம்பழுப்பாகத் துரு படிந்திருக்கும். சுற்றியுள்ள சேறு சாம்பல் நிறத்தில் இருக்கும். நெல்லின் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியே கசியும் ஆக்சிஜன் வேரோரம் இரும்பைத் துருவாக்குகிறது. சற்றுத் தள்ளி பாக்டீரியாக்கள் அதே துருவைச் சுவாசித்துக் கரைக்கின்றன. நீரில் மூழ்கிய மண்ணின் இந்த வேதியியலைப் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு வகைப்படுத்தியவர் இலங்கையின் எஃப். என். பொன்னம்பெரும. ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, அடுத்து இரும்பு, அடுத்து சல்பேட் என்று எலெக்ட்ரான் வாங்கும் பொருள்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் செலவாகின்றன. எல்லாம் தீர்ந்த பின் மீத்தேன் பெருகுகிறது. இரும்பு கரையும்போது அதில் சிறைப்பட்டிருந்த பாஸ்பேட்டும் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. தண்ணீரைக் கட்டியும் வடித்தும் செய்யும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் மீத்தேன் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்: மண் காயும்போது இரும்பு மறுபடி துருவாகிறது, அடுத்த பாய்ச்சலில் பாக்டீரியாவுக்குச் சுவாசிக்கப் பொருள் தயாராக இருக்கிறது.

2020இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு மேலும் ஒரு வழியைக் காட்டுகிறது. நெல் நட்ட தொட்டி மண்ணில் கேபிள் பாக்டீரியாவைச் சேர்த்தபோது, அவை சல்ஃபைடை மறுபடி சல்பேட்டாக மாற்றின. மண்ணின் சல்பேட் இருப்பு ஐந்து மடங்கு உயர்ந்தது. சல்பேட் இருக்கும் வரை மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவு மிஞ்சாது. மீத்தேன் வெளியேற்றம் 93 சதவீதம் குறைந்தது. மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ 11 சதவீதம் நெல் வயல்களிலிருந்து வருகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இது தொட்டியில் கிடைத்த முடிவு. வயலில் உழவு இருக்கிறது, உரம் இருக்கிறது, மழையும் வெயிலும் மாறி மாறி வருகின்றன. அறுந்தால் வேலை செய்யாத இழைகள் அங்கே எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை வயலில்தான் அளக்க வேண்டும். நெல்லை நம்பி வாழும் நாடுகளின் வேளாண் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் இந்தச் சோதனையை எடுத்துச் செய்ய வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மண்ணைப் பரிசோதிக்கும் இடத்திலேயே, அந்த மண்ணில் இரும்பும் சல்பேட்டும் பருவம் முழுதும் எப்படி ஏறி இறங்குகின்றன, அவற்றைச் சுவாசிப்பவை எவை என்பதையும் பதிவு செய்யத் தொடங்கலாம்.